பச்சைப் புள்ளிகளும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

கண்ணாடியக்கா வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கண்ணாடி போட்டதில்லை. ஐம்பத்துமூன்று வயதிலும் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்றால், அவள் வேலை அப்படி. ஆறு மாடி ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றின் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில், ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு அவள்தான் பொறுப்பு. மேலே இருக்கிறவர்கள் தாங்கள் வளர்க்கும் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு அனுப்புவார்கள். அவள் இருட்டில் உட்கார்ந்து பார்த்து, படம் பிடித்து, இன்ன பொருள் செல்லுக்குள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுவாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கட்டடத்தின் இயக்குநர்கூட அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் அவளுக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

அறை என்று சொன்னேனே, உண்மையில் அது இரண்டு. உள்ளறையில் மைக்ரோஸ்கோப், அதன் வாசலில் இரட்டைக் கறுப்புத் திரை. இயந்திரம் ஆடாமல் இருக்கக் காற்றில் மிதக்கிற மேஜை ஒன்று. அது அவ்வப்போது உஸ்ஸென்று பெருமூச்சு விடும். பக்கத்திலேயே லிஃப்ட். அது கிளம்பும் சத்தம் கேட்டால் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவள் மூச்சை நிறுத்தினால் படம் எப்படி ஆடாமல் வரும் என்று கேட்காதீர்கள், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் வருகிறது.

வெளியறையில் ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு கெட்டில், கோட்டு மாட்ட ஓர் ஆணி, காலால் மிதித்துத் திறக்கிற காகிதக் குப்பைக்கூடை. கூடையின் மூடி தட்டையாக இருந்ததால் அதன் மேல்தான் அவளுடைய பிஸ்கட் டப்பா. கூடையைத் திறக்க வேண்டுமென்றால் டப்பாவைத் தூக்க வேண்டும். டப்பாவைத் தூக்கினவர் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ள வேண்டும். இது அவள் போட்ட சட்டம். குப்பைக்கூடை மேலா தின்பண்டம் என்று முகம் சுளிக்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. சுளித்துக்கொண்டே எடுத்துத் தின்னாதவர்களும் கிடையாது.

அக்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாரும் பசியோடு இருப்பதைப் பார்க்க அவளால் முடியாது. மின்சாரம் சரிபார்க்க வந்தவர், தவறான மாடியில் இறங்கிவிட்டவர், திட்டுவதற்கென்றே இறங்கி வந்தவர், எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் உண்டு. வாய் நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு யாரால் திட்ட முடியும்? பாதிப் பேர் வந்த விஷயத்தையே மறந்துவிட்டு மேலே போய்விடுவார்கள்.

இந்தப் பலவீனம் செல்கள் வரைக்கும் போனதுதான் வினை. செல்கள் வளர்கிற சத்துநீர் படத்தில் மங்கலாக ஒளிவிட்டு எல்லாவற்றையும் கெடுக்கும். அதனால் அதைக் கழுவிக் கொட்டிவிட்டு, வெறும் உப்புநீரில் வைத்துத்தான் கீழே அனுப்புவார்கள். எழுதிவைத்த முறையே அதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அக்கா கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் தண்ணீர் கொடுத்தா உட்கார வைப்பது? நிறமில்லாத, ஒளிவிடாத சத்துநீர் ஒன்று இருப்பதாகத் தெரிந்துகொண்டு ஒரு பாட்டில் வரவழைத்து, வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டாள். கிண்ணம் வந்ததும் உப்புநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு இதை ஊற்றுவாள். கால் மணி நேரம் அவை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டு, தானும் ஒரு டீ குடிப்பாள். அப்புறம்தான் பார்ப்பாள். இதை அவள் நோட்டில் எழுதியதே இல்லை. விருந்தாளிக்கு என்ன கொடுத்தோம் என்று யாராவது எழுதிவைப்பார்களா?

இத்தனை வருஷம் அதனால் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. மற்ற ஆய்வகத்தார் செல்லை எண்ணச் சொன்னார்கள், அதன் உருவத்தை அளக்கச் சொன்னார்கள். கால் மணி நேரச் சாப்பாட்டில் அதெல்லாம் மாறிவிடாது. நான்காம் மாடிப் பேராசிரியரின் கூட்டணி வந்தபோதுதான் விவகாரம் கிளம்பியது.

கூட்டணி என்பது அவர்கள் வைத்த செல்லப் பெயர். அதன் முழுப்பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நாலு புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்று, "வளரு" என்று செல்லுக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. செல்லுக்குள் எங்கே இருந்துகொண்டு அது செய்தி அனுப்புகிறது என்பதுதான் பேராசிரியருக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கூட்டணியின் மேல் பச்சையாக ஒளிவிடும் ஓர் அடையாளத்தை மாட்டினார்கள். செல்லுக்குள் லைசோசோம் என்று குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. பழையது, உடைந்தது எல்லாம் அதற்குள் போய்ச் செரித்து, மறுபடி உபயோகமாகிற துண்டுகள் வெளியே வரும். அக்கா அதைக் குப்பைக்கூடை என்பாள். அவற்றுக்குச் சிவப்புச் சாயம் போட்டார்கள்.

அதே வருஷம்தான் நான்காம் மாடியில் புது மைக்ரோஸ்கோப் வந்து இறங்கியது. அதற்குப் பொறுப்பாக வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவின் நாத்தனார். கணவரின் கூடப்பிறந்த தங்கை. வேலையில் படு சுத்தம். எழுதிவைத்த முறையில் ஒரு எழுத்து பிசக மாட்டாள். ஒரே பெட்டியில் வந்த கிண்ணங்களில் பாதி அவளுக்கு, பாதி அக்காவுக்கு என்று பேராசிரியர் ஏற்பாடு செய்தார்.

அக்கா எழுதினாள்: பச்சை, குப்பைக்கூடைகளின் மேல் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது. நாத்தனார் எழுதினாள்: பச்சை, செல் முழுக்கச் சிதறி இருக்கிறது. ஒரு தடவை இப்படி என்றால் போகட்டும் என்று விடலாம். பதினோரு தடவையும் இப்படித்தான்.

பேராசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிய்த்துக்கொள்ள அங்கே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம். "இவ்வளவு முக்கியமான கூட்டணி, போயும் போயும் குப்பைக்கூடை மேலயா போய் உட்காரும்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். புது இயந்திரம் பொய் சொல்லாது, ஆகவே பழையதுதான் சொல்கிறது என்று முடிவுகட்டி இயக்குநருக்கு எழுதிப்போட்டார்.

இயக்குநர் உடனே ஒரு குழு அமைத்தார். அவர், பேராசிரியர், கிடங்கு அதிகாரி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர், ஆக நாலு பேர். அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்ப்பார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டால் கீழறை இயந்திரம் கழிக்கப்படும், அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்குவார்கள், அக்கா வாசல் பதிவேட்டுக்குப் போக வேண்டும். வருகிறவர் போகிறவரிடம் கையெழுத்து வாங்கும் வேலை. கடிதத்தைப் படித்ததும் அவள் போய் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இருட்டில் ஒரு செல் மெல்ல ஒளிவிட்டு எழுந்து வருவதைப் பார்ப்பதற்காகவே அவள் தினமும் வேலைக்குப் போகிறவள். வாசலில் என்ன ஒளிவிடப்போகிறது?

இந்த இடத்தில் அவள் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. கடைக்குள் நின்றால் புலி. சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நிலைப்படி. அதைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்தாரோ, பூனை. ஆள் அதே ஆள்தான், சட்டையைக்கூட மாற்றுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வழக்கம்போல் சாப்பிட வந்தாள். கணவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, உங்க தங்கச்சியும் சேந்து என் மெஷினக் குப்பையில போடப் பாக்கறாங்க," என்றாள் அக்கா.

"தப்பு. ரொம்பத் தப்பு," என்றார் அவர்.

நாத்தனார் தண்ணீர் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்படியே அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, பதினோரு தடவ பாத்திருக்கேன். எல்லாமே தப்பாவா இருக்கும்?"

"எப்படி இருக்கும்? வாய்ப்பே இல்ல," என்றார் அவர். அக்கா முறைத்ததும் தட்டை எடுத்துக்கொண்டு மேஜையின் நடுவில் போய் உட்கார்ந்தார். அங்கே அவருக்குக் கருத்தே இல்லை.

நாத்தனாருக்கும் மனசு கேட்கவில்லை. "நான் மட்டும் சந்தோஷமாவா எழுதறேன் அண்ணி? கண்ணுல பட்டதத்தானே எழுத முடியும். உங்க கிண்ணமாவது நேரா கீழ வந்துடுது. எனக்கு வரிசையில நின்னு மெஷின் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆகுது."

"அது வரைக்கும் செல்லெல்லாம் எங்க இருக்கும்?"

"அதே உப்புத்தண்ணியிலதான்."

"ஒரு மணி நேரமா? பாவம், பசிக்காதா?"

நாத்தனார் சிரித்தாள். "என்னமோ நீங்க கூப்பிட்டு உட்கார வெச்சு சாப்பாடு போடற மாதிரி கேக்கறீங்க."

அக்காவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. சாப்பிட்ட செல்லில் கூட்டணி கூடுகிறது. பட்டினி கிடக்கிற செல்லில் கலைந்துவிடுகிறது. இரண்டு இயந்திரமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பொய் சொன்னது, அதாவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது, அவள் நோட்டு.

நாத்தனார் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அப்போது நிலைப்படியில், ஒரு கால் கடையிலும் ஒரு கால் வீட்டிலுமாக நின்றிருந்தார்.

"சொல்லிடு," என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள், "சொல்லாத," என்றார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அதான் ரெண்டையும் சொல்லிட்டேனே."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வாயை மூடிக்கொண்டிருந்தால் இயந்திரம் போகும், வாசல் வேலையாவது மிஞ்சும். சொல்லிவிட்டால் இயந்திரம் தப்பும், முறையை மீறியவள் என்று அவளை வீட்டுக்கே அனுப்பலாம். மூன்று நாள் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதன்கிழமை காலை மைக்ரோஸ்கோப்பைத் துடைக்கும்போதுதான் அவளுக்குத் தெளிவு வந்தது. தான் செய்த காரியத்துக்கு, வாய் இல்லாத இது ஏன் பழி சுமக்க வேண்டும்? அவளுக்கு அழுகை வந்தது. லிஃப்ட் கிளம்பிய சத்தத்தில் அதையும் மூச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வர வேண்டிய குழு ஒன்றேகாலுக்கு வந்தது. இயக்குநருக்கு வேறொரு கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். மற்ற மூவரும் அவருக்காகக் காத்திருந்ததில் நாலு பேருமே சாப்பிடவில்லை. நாத்தனாரும் கிண்ணப் பெட்டியோடு வந்து ஓரமாக நின்றாள்.

"மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல சார்," என்று அக்கா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள். "தப்பு என் மேலதான். செல்லுக்கெல்லாம் நான் சாப்பாடு போட்டுட்டேன்."

கிடங்கு அதிகாரி குப்பைக்கூடை மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். "பிஸ்கட்டா?"

"இல்ல சார், சத்துநீர்."

பேராசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எத்தன தடவ?"

"எப்பவுமே சார்."

"எப்பவுமேன்னா?"

"பத்தொன்பது வருஷமா."

உள்ளே மேஜை உஸ்ஸென்றது. இயக்குநர் பேனாவை எடுத்தார். "அப்ப மெஷினப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. ஆளப் பத்தித்தான் எழுதணும் போலிருக்கு."

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்," என்றாள் நாத்தனார். அக்கா திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் அவள் பக்கம் பார்க்காமல் மளமளவென்று பேசினாள். "இந்தக் கிண்ணம் ஒன்றர மணி நேரமா உப்புத்தண்ணியில இருக்கு. இதே மெஷின்ல மொதல்ல பசியோட பாப்போம். அப்புறம் அண்ணி சாப்பாடு போடட்டும், மறுபடி பாப்போம். பச்சை எடம் மாறினா, பதினோரு தடவையும் நாங்க ரெண்டு பேருமே சரியாத்தான் எழுதியிருக்கோம்."

பேராசிரியர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். ஒவ்வொருவராகத் திரைக்குள் போய்ப் பார்த்தார்கள். பச்சை, செல் முழுக்கப் பொடித் தூவலாகச் சிதறிக் கிடந்தது. புது இயந்திரத்தில் தெரிந்ததுபோலவே. பொறியாளர் தாடையைச் சொறிந்தார். அக்கா உப்புநீரை உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான சத்துநீரை ஊற்றினாள்.

"கால் மணி நேரம் ஆகும் சார்."

கால் மணி நேரம் என்பது சாப்பிட்டவர்களுக்கு ஒரு கணக்கு, சாப்பிடாதவர்களுக்கு வேறு கணக்கு. மூன்றாவது நிமிஷம் இயக்குநர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் போனார். கிடங்கு அதிகாரி, எத்தனை நாற்காலி அடுக்கலாம் என்று பக்கத்து அறையை முழம்போட ஆரம்பித்தார். பொறியாளர் காரணமே இல்லாமல் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தார். பேராசிரியர் நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஒருவர் இருக்கிற இடம் மற்றவருக்குத் தெரியவும் இல்லை.

உள்ளே அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிஷம் சிவப்புப் பைகளின் ஓரத்தில் பச்சை லேசாகக் கூடியது. இன்னும் இரண்டு நிமிஷம். சிதறிக் கிடந்ததெல்லாம் மெல்ல மங்கி, பைகளின் மேல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. பச்சையும் சிவப்பும் சேர்ந்த இடமெல்லாம் மஞ்சள்.

அக்கா வெளியே ஓடிவந்து கூப்பிட்டாள். இயக்குநரைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் பேராசிரியர் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். பேராசிரியரைப் பிடித்தால் இயக்குநர் ஃபோனோடு மறுபடி மாடிப்படிக்கு. லிஃப்டுக்குள் இருப்பவரை எங்கே போய்ப் பிடிப்பது? இரண்டு மணிக்கு இயக்குநர் கிளம்ப வேண்டும். நாலு பேரும் பார்த்தால்தான் கையெழுத்து.

"அண்ணி, ஏன் ஓடறீங்க?" என்றாள் நாத்தனார். கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. "டப்பாவத் திறங்க."

அக்கா திறந்தாள். வெண்ணெய் வாசனை நடைபாதையில் பரவியது. முதலில் வந்தவர் கிடங்கு அதிகாரி. பேராசிரியர் பாதி நடையில் திரும்பினார். லிஃப்ட் நின்றது, பொறியாளர் இறங்கினார். இயக்குநர், "அப்புறம் பேசறேன்," என்று ஃபோனை வைத்தார். வேறு இடமில்லாததால் நாலு பேரும் குப்பைக்கூடையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது பிஸ்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவதில் பேச்சு வந்தது.

அங்கிருந்து ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பார்த்த கையோடு திரும்பிவந்து டப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். கடைசியாகப் போன பேராசிரியர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர் திரையைப் பிடித்தபடி நின்றார். கூடையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்ற மூன்று பேரைப் பார்த்தார். திரும்பி மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார். மறுபடி மூன்று பேரைப் பார்த்தார்.

"அக்கா, இது குப்பைக்கூடைதானே?"

"ஆமா சார்."

"போயும் போயும்," என்றார் பேராசிரியர். அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே போய் நாலாவது ஆளாக நின்றுகொண்டார்.

படிவத்தைக் கூடையின் மூடி மேல் வைத்தார்கள். இயந்திரத்தில் குறை இல்லை, இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்து அக்காவைப் பற்றிய வரி. இயக்குநரின் பேனா நின்றது.

"இவங்க சாப்பாடு போடலன்னா எனக்கு இது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார் பேராசிரியர், வாயைத் துடைத்துக்கொண்டே. "எல்லா இடத்துலயும் பரவி நின்னு வேல செய்யுதுன்னு எழுதி அனுப்ப இருந்தேன். மானம் போயிருக்கும். ஆனா, போட்டத எழுதாம விட்டது தப்புதான்."

இயக்குநர் யோசித்து எழுதினார்: இவர் இதே அறையில் தொடரலாம், ஆனால் இனிமேல் யாருக்கு என்ன கொடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும். அக்கா அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். தூள்தான் மிச்சம். உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். உத்தரவு உத்தரவுதான். புதன்கிழமை, மணி ஒன்று ஐம்பது என்று போட்டு, கீழே இரண்டு வரி எழுதினாள்.

கூட்டணி, நாலு புரதம். கொடுத்தது: சத்துநீர். கூடிய இடம்: குப்பைக்கூடை.

குழு, நாலு பேர். கொடுத்தது: டீ, பிஸ்கட் பதினாலு. கூடிய இடம்: மேற்படி.